பொங்கலுக்கு முந்தின வாரம்: மலை ரயிலுக்குப் புறப்படும் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைகளுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் மகளிர் குழுக் கூட்டம் எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும். ஊட்டிக்கு வேனா, ரயிலா என்று ஆரம்பித்து, போன வருஷத்துச் சீட்டுப் பாக்கி வரை போய், டீ ஆறிப்போய், ஆளுக்கொரு பக்கமாக எழுந்து போனோம். வாயால் சொன்னால் நடுவில் நாலு பேர் பேசுவீர்கள். அதனால் எழுதிவிட்டேன். குயிலாப்பாளையத்தில் இருக்கிறவர்கள் படித்துக்கொள்ள ஒரு பிரதி சுவரில் ஒட்டியாகிறது. மரக்காணத்துக்குக் கட்டிக்கொடுத்த நம் பெண்களுக்கு இன்னொரு பிரதி பஸ்ஸில் போகிறது. உப்பளத்தில் அவர்களோடு வேலை செய்கிறவர்களும் கேட்கட்டும், அவர்களும் நம் கூட வருகிறவர்கள்தானே.

இந்தப் பயண ஆசை எங்கிருந்து முளைத்தது என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். ஆரோவில் விருந்தினர் இல்லத்தில் வேலை பார்க்கும் நம் ஆட்களிடம், அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரம்மா ஒருவர் கைப்பேசியில் படம் காட்டினார். ஓயிகவா என்ற ஆற்றோரம் நீராவி எஞ்சின் இழுத்துப் போகும் ரயில், இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டம். அப்புறம் மலைக்குள் போகும் குட்டி ரயில், ஏரி நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் ஒரு ஸ்டேஷன். கடைசியில் ஒரு வெந்நீர்த் தொட்டி. பூமிக்குள்ளிருந்து தானாகவே சூடாக வருகிற தண்ணீர். ரயிலில் வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, கணுக்கால் முங்கக் கால் விட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள்.

மலையைப் பார்த்து நாம் வாயைப் பிளந்தோம். லீவுக்கு வந்திருந்த மரக்காணத்துப் பெண் மட்டும் அந்தத் தொட்டிப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தத் தண்ணில கால வெச்சா வெடிப்பு எரியுமா அக்கா?" என்று கேட்டாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பாதம் அவளுடையது. அந்தக் கேள்விக்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இந்த மடலை நான் எழுத அதுவும் ஒரு காரணம்.

ஜப்பானுக்குப் போக நம்மிடம் பணமில்லை. ஆனால் அந்த ரயிலின் பங்காளி ஒன்று நம் மாநிலத்திலேயே ஓடுகிறது. பங்காளி என்று சும்மா சொல்லவில்லை. செங்குத்தான மலையில் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். அதற்கு சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தார். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் இதில் ஏதாவது ஒரு பல்லையாவது எப்போதும் கவ்விக்கொண்டே இருக்கும். நம்மூர்ப் பனையேறியைப் பார்த்திருக்கிறீர்களே, கால் பிடி உறுதியாகாமல் கையை எடுக்கமாட்டார், கை பிடி உறுதியாகாமல் காலை நகர்த்தமாட்டார். அதே கணக்குதான்.

ஜப்பானில் இந்த ஏற்பாட்டை 1893இல் உசுய் கணவாயில் போட்டார்கள். ஆறு வருஷம் கழித்து, 1899இல், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு அதே ஆப்ட் முறையில் நம் ரயில் ஏறியது. உசுய் பாதையில் 1963இல் பல்பட்டையைக் கழற்றிவிட்டார்கள். 1997இல் அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். அணை கட்டியதால் பழைய பாதை முங்கிப்போன இகாவா ரயிலுக்கு மட்டும் 1990இல் புதிதாக ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்குப் பல்பட்டை போட்டார்கள். ஜப்பான்காரம்மா காட்டிய குட்டி ரயில் அதுதான். ஜப்பானில் இன்று ஆப்ட் ரயில் என்றால் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நம்முடையதோ கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டே ஏறுகிறது. ஆசியாவிலேயே இதுதான் செங்குத்து என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இகாவாவின் அந்தச் சின்னத் துண்டு இன்னும் கொஞ்சம் செங்குத்து என்பதுதான் நிஜம். அங்கே பதினோரு அடி ஓடினால் ஒரு அடி ஏற்றம், இங்கே பன்னிரண்டு அடி சொச்சத்துக்கு ஒரு அடி. ஆனால் பழமையிலும் நீளத்திலும் நம்முடையதற்கு அது ஈடாகாது.

இப்போது வேன் கட்சிக்கு வருகிறேன்.

வேன் வாசலில் வந்து நிற்கும், நாலு இடம் கூடுதலாகப் பார்க்கலாம், செலவும் கணக்கில் நிற்கும் என்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் நமக்கு ரயில் என்ன பழக்கம் என்று யோசியுங்கள். மரக்காணத்துக்கு ரயிலே கிடையாது. சென்னையிலிருந்து கடற்கரையோரமாகக் கடலூருக்குப் போட வேண்டிய பாதை எத்தனையோ வருஷமாகப் பேச்சிலேயே இருக்கிறது. குயிலாப்பாளையத்துக்காரர்களுக்குப் புதுச்சேரி ஸ்டேஷன் இருக்கிறது, ஏறியவர்கள் எத்தனை பேர்? விழுப்புரம்–புதுச்சேரி பாதை அகலமாவதற்கு முன் ஓடிய சின்ன ரயிலில் அம்மா மடியில் உட்கார்ந்து போன ஞாபகம் நம்மில் மூத்தவர்களுக்கு இருக்கும். அந்த மீட்டர் கேஜ் தண்டவாளம் தமிழ்நாட்டில் இன்று மிச்சமிருப்பது இந்த மலையில் மட்டும்தான்.

வேனில் போனால் ஊட்டிக்குப் 'போய்ச் சேருவோம்'. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் பாலிதீன் பை கேட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போவோம். ரயிலில் மலை நம் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர். ஊட்டி ஏறத்தாழ 2,200 மீட்டர். நடுவில் 46 கிலோமீட்டர், 16 சுரங்கம், 250 பாலம், 208 வளைவு. ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது மீட்டர் செம்மண் மேட்டை உயரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, உயரம் என்றால் என்னவென்று உடம்புக்குப் புரிய அந்த ஐந்து மணி நேரம் வேண்டும்.

காலை 7.10க்கு வண்டி மேட்டுப்பாளையத்தை விட்டுப் புறப்படும். கல்லாறு வரை பாக்குத் தோப்பு, நம்மூர் வண்டி மாதிரியேதான் ஓடும். கல்லாறு தாண்டியதும் அடியில் ஒரு 'கடகட' கேட்கும். பல்சக்கரம் கவ்விவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் மனிதன் ஓடினால் முந்திவிடக்கூடிய வேகம். பயப்படாதீர்கள், எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. இழுப்பதில்லை, தள்ளுகிறது. ஏறும்போது ஏதாவது கழன்றால் பெட்டிகள் எஞ்சின் மேலேதான் வந்து நிற்கும், பள்ளத்துக்கு ஓடாது. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்னால் இருப்பது தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முன்திண்ணையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கையில் கொடியோடு நிற்பார். முன்பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, கடைசியில் ஓட்டுநருக்குச் செய்தி போகும். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் பெட்டிக்குப் பெட்டி கையாலேயே பிரேக்கைச் சுற்றுவார்கள். பாத்தியில் வரிசையாக நின்று கைமாற்றிக் கூடை கொடுக்கிற உங்களுக்கு இந்த வேலை பார்த்ததும் பிடித்துப்போகும்.

எஞ்சினைப் பற்றி ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். 'எக்ஸ்' வகை என்று பெயர். முதலில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து கப்பலில் வந்தவை. அதில் நான்கு சிலிண்டர். கொதித்து வரும் நீராவி முதலில் இரண்டு சிலிண்டருக்குள் போய்ச் சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அங்கே வேலை முடிந்து அழுத்தம் குறைந்த அதே ஆவி, வீணாக வெளியே போகாமல், மற்ற இரண்டு சிலிண்டருக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். சோறு வடித்த கஞ்சியையும் வீணாக்காத வீட்டில் வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கனம் புரியும். இப்போது நம் ஆட்களே அந்த எஞ்சினைச் செய்கிறார்கள். திருச்சி பொன்மலைப் பட்டறையில் 2011இலிருந்து எண்ணெயில் ஓடுவதைச் செய்தார்கள், பிறகு பழையபடி நிலக்கரியில் ஓடுவதையும் செய்தார்கள்.

வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும். ஹில்குரோவில் இறங்கி டீ குடிக்கலாம். குரங்குக் கூட்டம் இருக்கும், கையில் பொட்டலத்தோடு இறங்காதீர்கள். யானை நடமாடும் காடு அது, தண்டவாளத்தை விட்டு ஒதுங்கிப் போகவும் கூடாது. குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். பாதி பேர் அங்கேயே இறங்கிவிடலாம் என்பார்கள். வேண்டாம், அப்புறம்தான் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் எல்லாம் வரும். கேத்தி என்றால் உங்களுக்குத் தெரியும். 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியைப் பார்த்து அழாதவர் நம் குழுவில் யார் இருக்கிறார்கள்?

வேன் கட்சிக்கு இறங்கி வருகிறேன்: ஏறும்போது ரயில், ஊட்டிக்குள் சுற்றவும் இறங்கவும் வேன். இதற்கு மேல் பேரம் வேண்டாம்.

அடுத்தது, எப்போது போவது என்ற சண்டை. மே மாசம் என்கிறார்கள் குயிலாப்பாளையத்துக்காரர்கள், பிள்ளைகளுக்கு லீவு, மலர்க்காட்சியும் அப்போதுதான். ஆனால் மரக்காணத்துக்கு மே என்றால் என்ன? வெயில் உச்சியில் நிற்கிற மாசம், உப்பு வாருகிற மாசம். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாதி வேலையை முடிக்க விடியற்காலை பாத்திக்குள் இறங்குகிறார்கள். ஊருக்கெல்லாம் வெயில் தப்பி ஓட வேண்டிய விஷயம், அவர்களுக்கு அதுதான் கூலி. மெட்ராஸ் வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரர்கள் கோடையில் ஆட்சியையே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டத்துக்காகத்தான் 1891இல் இந்தப் பாதையைத் தோண்ட ஆரம்பித்ததே. எடுத்த கம்பெனி நடுவில் திவாலாகி, வேறொரு கம்பெனி வந்து, குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும் முடித்தார்கள். அந்த மலையில் கல் உடைத்தவர்களில் எத்தனை பேர் அந்த ரயிலில் உட்கார்ந்து போயிருப்பார்கள்? மே மாசம் போனால் நாமும் உப்பளத்துப் பெண்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு என் ஓட்டு இல்லை.

சரி, உப்பளத்தில் வேலை இல்லாத மாசத்தில் போகலாம் என்று மரக்காணத்துக்காரர்கள் சொன்னார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பாத்தியெல்லாம் குளம். அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்தை வைத்துக்கொண்டு மூன்று மாசம் தள்ளுகிற காலம். கை சும்மா இருக்கும், போகலாம்தான். ஆனால் நம் பாத்தியை நிரப்புகிற அதே வடகிழக்குப் பருவமழைதான் நீலகிரியில் மண்ணைச் சரிக்கிறது. பாறை உருண்டு தண்டவாளத்தில் விழும், மண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும், மலை ரயிலை நாள்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் செத்துப்போனார்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் நம் கரையில் ஏறியபோது என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலையில் அடிக்கிற மழைக்கும் அதே மூர்க்கம்தான். ஜப்பானும் விதிவிலக்கில்லை: 2022 செப்டம்பர்ப் புயல் மழையில் ஓயிகவாப் பாதையே அறுந்து, ஒரு பகுதி வருஷக்கணக்கில் மூடிக் கிடந்தது.

ஆக, வெயிலில் மலை திறந்திருக்கும், நமக்கு ஓய்வில்லை. மழையில் நமக்கு ஓய்வு, மலை மூடியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடுக்கு இருக்கிறது. மழை ஓய்ந்து, பாத்தி மிதித்து வேலை முழுசாகத் தொடங்குவதற்கு முன்னால், பொங்கலுக்கு முந்தின வாரம். புத்தாண்டுக் கூட்டம் இறங்கியிருக்கும். திங்களில் புறப்பட்டால் வியாழனுக்குத் திரும்பிவிடலாம். காணும் பொங்கல் மஞ்சுவிரட்டுக்கு ஊரில் இருந்தாக வேண்டும், அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

அந்த வாரத்தில் இன்னொரு லாபம் இருக்கிறது. ஜனவரியில் ஊட்டியில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறங்கும். விடியற்காலை தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி படர்ந்து வெள்ளையாகக் கிடக்கும். மரக்காணத்துப் பெண்கள் அதைப் பார்த்து முதலில் என்ன சொல்வார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும். "இதை யாரு வாருறது?" என்பார்கள்.

உப்புக்கும் அந்த மலைக்கும் பழைய உறவு உண்டு. கடற்கரை உப்பை வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நீலகிரியில் மாட்டுக்கும் எருமைக்கும் உப்பு கொடுப்பது ஒரு சடங்காகவே இருக்கிறது. படகர்கள் அதை ஒரு விழாவாக, உப்புத் தண்ணீரை மாடுகளுக்குக் குடிக்கக் கொடுத்துக் கொண்டாடுகிறார்கள். தோடர்கள் தங்கள் எருமைகளுக்குச் சடங்கோடு உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மலையில் விளையாத பொருளுக்கு மலைக்காரர்கள் கொடுக்கிற மரியாதை அது. அந்தப் பொருளை விளைவிக்கிறவர்கள் இதுவரை மலைக்குப் போனதில்லை. ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் நம் உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டால் வாயால் சொல்வதைவிட அதைக் காட்டுவது சுலபம்.

கடைசியாக, வெந்நீர்த் தொட்டி. ஏரி வேண்டுமென்றால் ஊட்டியில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1824இல் வெட்டுவித்தது, ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். வெந்நீர் ஊற்று மட்டும் நீலகிரியில் இல்லை. ஜப்பான் எரிமலைகள் மேல் உட்கார்ந்திருக்கிற நாடு, கீழே இருக்கிற சூடு தண்ணீரில் வருகிறது. நீலகிரி எரிமலை இல்லாத, மிகப் பழைய, ஆறிப்போன பாறை. தமிழர்கள் வாழும் ஊரில் ஊற்றுப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவுக்குப் போக வேண்டும், அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அது இந்த வருஷக் கணக்கில் வராது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். ஊட்டியில் தங்குமிடம் விசாரித்தபோது டிவி இருக்கிறதா, ஜன்னலில் என்ன தெரியும் என்றெல்லாம் கேட்கவில்லை. ராத்திரி அறைக்கு நாலு வாளி வெந்நீர் கிடைக்குமா, கால் விட்டு உட்காரப் பெரிய தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு இடத்தில் கொடுக்கிறேன் என்றார்கள். முன்பணம் அங்கேதான் கட்டப்போகிறேன். அன்று அந்தப் பெண் கேட்ட கேள்விக்கும் பதில் இது: முதலில் எரியும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அடங்கும். வேப்பெண்ணெய் நான் கொண்டுவருகிறேன்.

இனி வேலை. ரயிலில் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். நம் தேதிக்கு நவம்பர் தொடக்கத்தில் திறக்கும். மலை ரயிலில் பெட்டி கொஞ்சம், திறந்த அன்றே போடாவிட்டால் கிடைக்காது. சென்னை சென்ட்ரலில் இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்படும் நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் விடும், அதிலும் முன்பதிவு திறந்த அன்றே இடம் போட வேண்டும். அப்படியும் மழை நீண்டு வண்டி ரத்தானால் பணம் திரும்பி வரும், வேறு தேதி பார்ப்போம். ஜன்னல் சீட்டு உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு, அதில் வயதில் மூத்தவர்களுக்கு முதலில். இதைத் தீர்மானமாகவே நோட்டில் எழுதிவிட்டேன், மறுப்பவர்கள் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

வருகிறவர்கள் பெயர், வயது, ஆதார் நகல் மூன்றையும் இந்த மாசக் கடைசிக்குள் என்னிடம் கொடுங்கள். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், இரவல் வாங்கித் தருகிறேன்.

குயிலாப்பாளையம்

உங்களில் ஒருத்தி,
குழுக் கணக்கு நோட்டு வைத்திருப்பவள்